விரால் மீனுக்கு நஷ்டஈடு

என் கணவர் ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டிவிட்டுப் பத்திரமாகக் கரைக்குக் கொண்டுவருகிற வேலை பார்ப்பவர். நான் புதுக்கோட்டை கோர்ட்டில் வக்கீல். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் சித்தப்பா ஒருவர், "மாப்ள ஆளத் தண்ணிக்குள்ள எறக்குவாரு, பொண்ணு அதுக்கு கேஸ் நடத்தும், நல்ல பொருத்தந்தான்" என்று சொல்லிவிட்டுத் தானே பெரிதாகச் சிரித்தார். எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது. பிற்பாடு கொஞ்ச காலத்துக்கு, அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தாலே சித்தப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும்.

என் கணவருடைய ஊர் விராலிமலைக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஊர். கடலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மழை பெய்தால் கடலையும் சோளமும், கண்மாய் நிறைந்தால் கொஞ்சம் நெல்லும் விளையும். அந்தமானுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவர், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் போகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட்டார். முதலில் சிலிண்டர் கழுவினார், பிறகு படகில் உதவியாளாகப் போனார், அப்புறம் ஒவ்வொரு பரீட்சையாக எழுதிப் பயிற்சியாளர் ஆனார். தண்ணீரில் தத்தளிப்பவர்களை மீட்பதற்கும் தனியாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார். ஊரில் கேட்டால் "அந்தமான்ல முத்துக் குளிக்கிறாரு" என்பார்கள். நானும் முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கல்யாணமான புதிதில் அவர் பெட்டியைக் குடைந்தபோது, கடலில் இறங்குகிறவர்களிடம் அவர்கள் வாங்குகிற ஒப்புதல் தாள் ஒன்று கிடைத்தது. தொழில் புத்தி போகுமா, உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். எனக்கு என்ன நேர்ந்தாலும் நிறுவனமோ பயிற்சியாளரோ பொறுப்பில்லை, என் உயிர் என் பாடு என்பதையே பக்கம் பக்கமாக நீட்டி எழுதியிருந்தார்கள்.

"உங்க பக்கம் கவனக்குறைவுன்னு வந்துட்டா இதெல்லாம் கோர்ட்ல நிக்காதுங்க" என்றேன்.

"அப்பறம் எதுக்கு எழுதி வாங்குறாங்க?"

"கையெழுத்துப் போட்டவன் பயந்துக்கிட்டு கேஸ் போட வரமாட்டான்ல. அதுக்குத்தான்."

அவர் சிரித்தார். அவருக்கு அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும்.

அப்புறம் அந்தச் சுற்றுலாப் பயணி விஷயம் நடந்தது. மூச்சுத் தொந்தரவு ஏதாவது உண்டா என்று இவர் கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று தலையாட்டியவர் அவர். உண்மையில் அவருக்குப் பல வருடமாக ஆஸ்துமா. ஆழத்தில் மூச்சு முட்டியதும் பயந்துபோய், மூச்சை அடக்கிக்கொண்டு விர்ரென்று மேலே போய்விட்டார். அடக்கிய காற்று மேலே வர வர விரிந்ததில் நுரையீரலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் கணவர்தான் அவரைத் துரத்திப் பிடித்துப் படகில் ஏற்றி, மூச்சுக் கொடுத்து, கரை சேர்த்தது. அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்தவருடைய வீட்டார் போலீசில் புகார் கொடுத்தார்கள். நிறுவனத்துக்கு இன்சூரன்ஸ் இருந்தது, வக்கீல் இருந்தார். அவர்கள் இவரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

வழக்கு முடிகிறவரை இவரைத் தண்ணீரில் இறக்க எந்த நிறுவனமும் தயாராக இல்லை. ஊருக்கு வந்துவிட்டார். விராலிமலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவர் மோட்டார் பம்ப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார், அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். தீவில் ஒரு வக்கீலை அமர்த்தி, நான் இங்கிருந்தபடி போனில் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் நியாயம் இருந்தது, வழக்கில் ஜெயிப்போம் என்றும் தெரியும். ஆனால் அது முடிவதற்குள் இதே மாதிரி இன்னொரு வழக்கில் பெயர் வந்துவிட்டால் தீர்ந்தது கதை. எந்த நீதிபதியும் 'மறுபடியுமா?' என்றுதான் பார்ப்பார். அவர் உயிராக நினைக்கிற தொழிலை அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். அதனால் நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். நீச்சல் சொல்லிக் கொடு, கிணற்றில் விழுந்த பம்ப்பை எடுத்துக் கொடு என்று யார் கேட்டு வந்தாலும் முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

அவரும் சரி என்றார். சரி என்று சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அந்தக் கோடையில் ஊர்த் தலைவரான அம்பலம் டிவிஎஸ் வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவருக்குப் பெரியப்பா முறை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். கரையில் சாமி கும்பிட்டு அம்பலம் வெள்ளைத் துண்டை வீசியதும், காத்துக்கிடக்கிற ஜனம் மொத்தமும் ஒரே ஓட்டமாகக் கண்மாய்க்குள் இறங்கும். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடித்தது அவரவருக்கு. விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை.

"ஏந் தம்பி, வண்டல் அள்ளுறோம்னு ஜேசிபிய விட்டு கம்மாய அங்கிட்டும் இங்கிட்டுமா நோண்டிப் போட்டுட்டாய்ங்க" என்றார் பெரியப்பா. "எங்க பள்ளம் கெடக்குன்னு எவனுக்கும் தெரியல. நீதான் கடலுக்கு அடியிலயே குடியிருந்தவன். ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லிட்டீன்னா சனம் நிம்மதியா எறங்கும்."

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வேண்டாங்க மாமா. இவரு பாத்துச் சொன்னா, கண்ணுக்குத் தப்பிப்போன பள்ளத்துக்கும் இவருதான் பொறுப்பாவாரு."

"பாக்காட்டி?"

"பாக்காட்டி ஒண்ணுமில்ல. கரையில சும்மா நிக்கிறவங்களச் சட்டம் கேள்வி கேக்காது. கைய வச்சவங்களத்தான் கேக்கும். அதுலயும் இவரு படிச்சுப் பட்டம் வாங்குனவரு. இவரு தப்பு பண்ணா, தெரியாம பண்ணிட்டாருன்னு விடமாட்டாங்க."

"அப்ப வெவரம் தெரிஞ்சவன் வாயத் தொறக்காம இருந்தா தப்பில்ல, தொறந்தாத்தான் தப்புங்கிற."

"ரோட்டுல அடிபட்டவங்களுக்கு ஒதவுறவங்களக் காப்பாத்துறதுக்குச் சட்டம் இருக்கு மாமா. கம்மாய்க்கு இல்ல."

பெரியப்பா மிச்ச டீயைக் குடித்துவிட்டு, "நல்ல சட்டந்தான் ஆத்தா" என்றார். பாராட்டினாரா திட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு யோசனை சொன்னேன். தண்ணீரில் இறங்குகிறவர்கள் எல்லாரும், தங்களுக்கு என்ன ஆனாலும் ஊர் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கட்டும். அது கோர்ட்டில் நிற்காது என்று இவரிடம் சொன்ன அதே வாயால்தான் இதையும் சொன்னேன். பயந்துபோன வக்கீல் வேறு என்ன செய்வாள்? அவர் பெட்டியிலிருந்த தாளைச் செல்லாது என்று ஒதுக்கியவள், இங்கே அதையே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி கும்புட்டு எறங்குற தண்ணி ஆத்தா அது. செத்தா நாங்க பொறுப்பில்லன்னு எழுதி வாங்கிக்கிட்டா எறக்குவாக? நாளைக்கு நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வாரவக கிட்டயும், சாப்பாட்டுல ஏதாச்சும் ஆனா பொறுப்பில்லன்னு கையெழுத்து வாங்குவமா?"

எதிர்த்தரப்பில் எத்தனையோ வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து இவர் எழுந்து, "நான் பாத்துச் சொல்றேன் பெரியப்பா" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "பள்ளத்தப் பாத்து அடையாளம் வைங்க. அவ்வளவுதான். மீன்பிடி அன்னிக்குத் தண்ணில காலு நனையக் கூடாது. அன்னிக்கு நீங்க யாரோ, அந்த ஊருக்கு விருந்தாடியா வந்தவரு" என்றேன். "சரிங்க வக்கீலம்மா" என்றார். இந்தத் தடவை சொன்ன சரியில் கொஞ்சம் உயிர் இருந்தது.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கண்மாய்க்குப் போனோம். தீவை விட்டு வந்த பிறகு அவர் தண்ணீரில் இறங்கியது அன்றுதான். கடலுக்குள் போட்டுக்கொள்கிற கண்ணாடியும் காலில் மாட்டுகிற துடுப்பும் அங்கே எதற்கும் உதவாது. கலங்கிய தண்ணீரில் தன் கையே தனக்குத் தெரியாது. ஒரு மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி, காலால் தடவித் தடவி, கண்மாய் முழுவதும் நடந்தார். கழி உள்வாங்கிய இடத்தில் மூழ்கி, கையால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் தலை வெளியே வருகிறவரை கரையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தலைமுடியெல்லாம் சேறாக, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியக் கரையேறினார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க அத்தனை சந்தோஷமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்து, "காதுல சேறு" என்றுதான் சொன்னேன்.

அடையாளம் வைக்கிற யோசனை என்னுடையது. ஆபத்து இருக்கிற இடத்தில் எச்சரிக்கை வைத்துவிட்டால், பின்னால் யாராவது கேள்வி கேட்கும்போது, வைத்தோமே என்று சொல்லலாம். கோர்ட்டில் எத்தனை தடவை நானே அந்த வாதத்தை வைத்திருக்கிறேன். என் பழைய சிவப்புப் புடவை ஒன்றைக் கிழித்து மூங்கிலில் கட்டி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கொடி நட்டார். கரையிலிருந்து பார்க்க எடுப்பாக இருந்தது. எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

மீன்பிடி அன்று விடிந்தும் விடியாமலும் கரை நிறைந்துவிட்டது. மினி வேனில் வந்தவர்கள், பைக்கில் மூன்று பேராக வந்தவர்கள், வாட்ஸப்பில் பார்த்துவிட்டு வந்த எங்கெங்கோ ஊர்க்காரர்கள். பாதிப்பேர் கையில் ஊத்தா இருந்தது. அடியும் மேலும் திறந்த பிரம்புக் கூடைதான் ஊத்தா. தண்ணீருக்குள் அழுத்திக் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கைவிட்டு மீனைப் பிடிப்பார்கள். வலை கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள், கொசுவலை கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். இவருக்கு நான் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கட்டாயமாகப் போட்டுவிட்டிருந்தேன். அந்த உடுப்பில் யாரும் சேற்றில் இறங்கமாட்டார்கள் என்பது என் கணக்கு.

சாமி கும்பிட்டு முடிந்ததும் பெரியப்பா மைக்கை வாங்கினார். நான் சொல்லிக் கொடுத்திருந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"வெளியூர்லருந்து வந்துருக்கவக எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. செவப்புக் கொடி நட்டுருக்க எடத்துக்கு யாரும் போயிராதீங்க. அங்கிட்டெல்லாம் ஆழமான பள்ளம் கெடக்கு!"

கரை நெடுக எத்தனையோ தலைகள் ஒன்றாகக் கொடிப் பக்கம் திரும்பின. எனக்கு அது விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற இவர்தான் முதலில் புரிந்துகொண்டு, "அய்யய்யோ" என்றார்.

தண்ணீர் வற்றினால் மீன் எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போகும். கண்மாயில் கால் வைத்த யாருக்கும் தெரிந்த விஷயம் அது. நான் டவுனில் வளர்ந்தவள். மீனைத் தட்டில் பார்த்துத்தான் பழக்கம். இவரோ வருடக்கணக்காக, கொடி நட்டால் ஒதுங்கிப் போகிற வெளிநாட்டுக்காரர்களோடு இருந்துவிட்டு வந்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பெரியப்பாவுக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் வக்கீல் சொல்லிக் கொடுத்தது என்று அவரும் மறுபேச்சுப் பேசாமல் சொல்லிவிட்டார். மீன் எங்கே கிடக்கிறது என்று கொடி நட்டு, மைக் வைத்து, ஊருக்கே காட்டிக் கொடுத்துவிட்டோம்.

பெரியப்பா துண்டை வீசுவதற்குள் பாதி ஜனம் இறங்கிவிட்டது. எல்லாக் கால்களும் என் சிவப்புப் புடவையை நோக்கி ஓடின. மைக்கில் அவர் கத்தக் கத்த இன்னும் வேகமாக ஓடினார்கள். முதலில் போனவர்கள் விளிம்பில் சறுக்கி, நீந்தி வெளியே வந்து, சிரித்துக்கொண்டே மறுபடியும் ஊத்தாவைக் குத்தினார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு நீச்சல் தெரியும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தெம்பு. இவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தூரத்துக் கொடிக்குப் பக்கத்தில் ஒரு ஊத்தா மட்டும் தனியாகச் சாய்ந்து மிதந்தது. நானும் அதைப் பார்த்தேன். யாரோ விட்டுவிட்டுப் போன கூடை என்று நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. வெள்ளைச் சட்டை கரைச் சரிவில் இறங்கி, தண்ணீரில் விழுந்து, கூட்டத்துக்கு நடுவில் கையை வீசி நீந்திக்கொண்டிருந்தது. வேட்டி எங்கேயோ மிதந்தது. 'போகாதீங்க' என்று கத்த வாய் எடுத்தேன். கடவுள் புண்ணியத்தில் சத்தம் வரவில்லை.

அவர் மூழ்கினார். வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மூழ்கினார். இரண்டாவது தடவை தலை வெளியே வந்தபோது கூடவே இன்னொரு தலையும் வந்தது. நரைத்த பெரிய மீசை வைத்த, வாட்டசாட்டமான மனிதர். நாலு பேர் சேர்ந்து கரைக்கு இழுத்துப் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இல்லை.

கூட்டம் சுற்றி வளைத்துக்கொண்டது. "தூக்கித் தலையில போட்டுச் சுத்துங்கப்பா, தண்ணி வெளிய வரும்" என்றது ஒரு குரல். "வயித்துல அமுக்குங்க" என்றது இன்னொன்று. தண்ணீரில் மூழ்கியவர்களை அப்படித் தூக்கிச் சுற்றுவதுதான் ஊரில் பழக்கம். இவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மனிதரின் தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். "ஏம்ப்பா அந்தமானு, விடுப்பா அவர! நாங்க தூக்கிச் சுத்துறோம்!" என்று இரண்டு பேர் குனிந்து இவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

அந்த நொடியில் என் வக்கீல் மூளை செய்த வேலையை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஊர் வழக்கத்தைத் தடுத்துவிட்டு இவர் தன் வழியில் செய்து, ஆள் பிழைக்காவிட்டால், அத்தனை பேரும் சாட்சி. கொடி நட்டதும் இவர், தடுத்ததும் இவர், பயிற்சி பெற்றவரும் இவர். இப்போது அவர் எழுந்து ஒதுங்கிவிட்டால் தப்பிக்கலாம். இதெல்லாம் ஒரு நொடிக்குள் வரிசையாக என் கண்முன் வந்து நின்றது. அதே சமயம் அவர் முதுகையும் பார்த்தேன். தோளை இழுக்கிறார்கள், அது அசையவில்லை. அந்த முதுகு எனக்குத் தெரியும். ஒதுங்குகிற முதுகு இல்லை அது.

நான் கூட்டத்துக்குள் புகுந்து, இழுத்தவர்களின் கையைத் தட்டிவிட்டு, குறுக்கே நின்றுகொண்டேன்.

"யாரும் கிட்ட வராதீங்க! அவருக்கு வேலை தெரியும். இந்த ஆளுக்கு என்ன ஆனாலும் நான் பொறுப்பு!"

என் கட்சிக்காரர் ஒவ்வொருவரிடமும், சொல்லாதே, எழுதிக் கொடுக்காதே, கையெழுத்துப் போடாதே என்று நான் தலைதலையாக அடித்துக்கொள்கிற வார்த்தை அது. ஊரே கேட்கச் சொன்னேன். சொன்ன பிறகு பயம்கூட இல்லை. பெரியப்பா வந்து எனக்குப் பக்கத்தில் நின்று துண்டை வீசிக் கூட்டத்தை விலக்கினார்.

இவர் மறுபடி ஊதினார். மறுபடியும். மீசைக்காரரின் நெஞ்சு ஒரு தூக்குத் தூக்கியது. இருமல் வந்தது, சேற்றுத் தண்ணீர் வந்தது, அப்புறம் வரிசையாக நல்ல கெட்ட வார்த்தைகள் வந்தன. என் வாழ்க்கையில் கெட்ட வார்த்தை கேட்டு நான் ஆனந்தக் கண்ணீர் விட்டது அன்று ஒரு நாள்தான். இவர் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, வெறும் அரை டிராயரோடு சேற்றில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். நான் என் துப்பட்டாவை எடுத்து இடுப்பில் சுற்றிவிட்டேன்.

எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்த மனிதரை இவர் விடவில்லை. நுரையீரலுக்குள் தண்ணீர் போனவர்களுக்குப் பின்னால் மூச்சு அடைக்கலாம், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக ஆம்புலன்ஸில் ஏற்றினார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தகவல் போலீசுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். வழியில், "நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பேசிக்கிறேன்" என்றேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் ஒரு ஏட்டு வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீசைக்காரரிடம், "எப்படிங்க பள்ளத்துல போயி விழுந்தீங்க?" என்று கேட்டார். அவர் இலுப்பூர்ப் பக்கம், எங்களுக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. அவர் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் என் வீட்டுக்காரரின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"கொடி நட்டுருந்தாகள்ல, அதப் பாத்துத்தான் போனேன்" என்றார் அவர்.

"யாரு நட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நான்தாங்க" என்று முன்னால் போய் நின்றார். "ஆபத்துன்னு காட்டத்தான் நட்டேன். அதுவே இழுத்துட்டு வந்துரும்னு எனக்குத் தோணலைங்க. நான் டைவிங் பயிற்சியாளர், மீட்புப் பயிற்சியும் எடுத்துருக்கேன்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்ட அப்படி ஒரு கட்சிக்காரர் எனக்கு வாய்த்ததே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மீசைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தம்பிதானா?" என்று எழுந்து உட்கார்ந்தார். "ஏட்டையா, எழுதிக்கங்க. இவரு மேல எனக்கு ஒரு புகாரு இருக்கு."

"சொல்லுங்க."

"பள்ளம்னு மைக்ல சொன்னாக, காதுல விழுந்துச்சு. மீன் கெடக்கும்னு ஆசப்பட்டு நானாத்தான் போனேன். அதுல யாரையும் கொற சொல்ல மாட்டேன். ஆனா ஒரு விரால் மாட்டுச்சுங்க கையில. இந்தா, என் முழங்கை நீளம். சறுக்கி உள்ள போயிட்டேன், மூச்சு முட்டுது, அப்பயும் நான் விடலையே. ரெண்டு கையாலயும் புடிச்சுட்டேன். இந்தத் தம்பி உள்ள வந்து, என்னத் தூக்குனது சரி, எதுக்கு என் விரலப் பிரிச்சு மீன வெளிய விட்டாரு? அதுக்கு யாரு பொறுப்பு?"

ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அய்யா, மீன விட்டாத்தான ஒங்க கையப் புடிச்சு இழுக்க முடியும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நெல்லுச் சோறு வடிச்சு வைக்கச் சொல்லிட்டு வந்தேன். இப்ப வெறுங்கைய வீசிட்டுப் போனா வீட்டுல என்ன சொல்லுவாக?"

ஏட்டு சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அப்புறம் என் காதில் இன்னொரு சிரிப்பு விழுந்தது. இவருடைய சிரிப்பு. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தீவிலிருந்து வந்த பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. கேட்காமல் எத்தனை நாள் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வக்கீல் அழுவதைப் பார்த்து மீசைக்காரர் பயந்துபோனார்.

"ஆத்தா, நான் சும்மா சொன்னேன், கேஸெல்லாம் வேணாம்" என்றார்.

"இல்லைங்கய்யா. உங்க புகாரு நியாயமானது" என்றேன். "எங்க தரப்புல ஒத்துக்கிறோம். அடுத்த மீன்பிடிக்கு வாங்க, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் குடுத்துருவோம்."

ஏட்டு தாளில், தானே தவறி விழுந்ததாகவும், யார் மீதும் புகார் இல்லை என்றும் எழுதிப் படித்துக் காட்டினார். மீன் விஷயத்தை அவர் எழுதவில்லை. தீவில் நடந்த வழக்கு அதற்குப் பிறகும் சில மாதம் இழுத்து, இவர் மேல் குற்றமில்லை என்று முடிந்தது. இவர் சீசனுக்கு மறுபடி அந்தமான் போய்விட்டார். இப்போது சொந்த இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டுதான் போகிறார். அந்த விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கண்மாயில் மறுபடி மீன்பிடி வைத்தபோது லீவு போட்டுவிட்டு வந்தார். இந்த முறை கொடி இல்லை, மைக்கில் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிறு பள்ளங்களை எல்லாம் ஊரே சேர்ந்து மண்ணைத் தள்ளிச் சரித்துவிட்டிருந்தது. மிச்சமிருந்த பெரிய பள்ளத்தின் நடுவில், லாரி டியூப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கிட்ட வந்தவர்களை எல்லாம், "அங்கிட்டுப் போங்க, அங்கிட்டுப் போங்க" என்று விரட்டினார். மீனெல்லாம் கிடக்கிற இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு ஊரை ஏமாற்றுகிறான் என்று கரை நெடுக ஒரே முணுமுணுப்பு. வக்கீல் பெண்டாட்டி இருக்கிற தைரியம் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். திட்டுக்கு மட்டும் எந்த இன்சூரன்ஸும் கிடையாது.

மீசைக்காரர் சொன்னபடி வந்தார். தண்ணீரில் இறங்கவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஒயர்கூடையோடு கரையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து இவர் டியூப்பிலிருந்து குதித்து மூழ்கினார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். தலை வெளியே வந்தது. இரண்டு கையும் உயர்ந்தன. துள்ளுகிற விரால் ஒன்று வெயிலில் பளபளத்தது. விடாமல் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்து, மீசைக்காரரின் கூடையில் போட்டார்.

அவர் கூடைக்குள் கையை விட்டு, முழங்கையை மீனோடு சேர்த்து வைத்து அளந்து பார்த்தார்.

"அது இதவிடப் பெருசால்ல இருந்துச்சு தம்பி" என்றார்.

"இருக்கும்ங்கய்யா. மிச்சத்துக்கு நான் பொறுப்பு" என்று நான் சொன்னேன். இப்போதெல்லாம் அந்த வார்த்தை எனக்குச் சுலபமாக வருகிறது.